ஐந்தாமவள்

ஓவ்லு நகரில் பிற்பகல் மூன்றுக்கே இருட்டிவிட்டது.
ஹில்க்கா ஐந்து கணக்குகளையும் திறக்கிறாள்.

போன வாரம்வரை
ஒரு தட்டு, ஐந்து மின்னல்.
சூனியக்காரிகள் ஒரே மூச்சில் கை உயர்த்துவார்கள்.
அந்த மென்பொருளுக்குத் தடை வந்தபின்
ஒவ்வொருத்தியையும் தனித்தனியே தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.
ஒன்று, திரை மாற்று, இரண்டு, மாற்று,
நான்கை எட்டுவதற்குள்
முதலாமவளுக்கு அடி விழுகிறது.

காபி ஆறிப்போயிற்று.
சுண்டுவிரல் வலிக்கிறது.

பாலம் தாண்டிய பிறகுதான் கவனித்தாள்:
நான்கு பேர்தான் இருக்கிறார்கள்.
ஐந்தாமவள் அக்கரையில்
மதில்மேல் முகம் இடிக்க
ஓடிக்கொண்டே நிற்கிறாள்.

ஆறு வருடமாய்ச் சந்தா கட்டியவளுக்கு
அவள் பெயர் சட்டென்று வரவில்லை.
மூவரை அங்கேயே விட்டுவிட்டு
ஒருத்தியைத் திருப்பி நடத்துகிறாள்,
தலைக்குமேல் மிதக்கும் எழுத்து
தெரிகிற தூரம்வரை.