மூணு தரம்

செக்காலை ரோட்டு மண்டபத்தில்
முந்தின நாள் முகூர்த்த வாசம் போகவில்லை.
அட்சதை ஒட்டிக் கிடந்த மேசையில்
லாட் நாற்பத்தொன்று:
வெண்கலக் காசு பதினேழு. எழுத்து இல்லை.
ஊர் தெரியாது. தரம்: சுமார்.

'ஒரு தரம்' என்றார் ஏலக்காரர்.
கோயமுத்தூர்க்காரர் கையைத் தூக்கினார்.
நானும்.
ஸ்கூட்டிக்கு என்று சேர்த்த பணம்
ஐந்நூறு ஐந்நூறாக மேலே போனது.
'ரெண்டு தரம்.'
அவர் போனோடு வெளியே நடந்தார்,
வீட்டில் கேட்கவோ என்னவோ.
அவர் திரும்பி வருவதற்குள்
மூணாவதும் சொல்லியாயிற்று.

மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கி
காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டேன்.
பத்தாம் நாள் தண்ணீர் பச்சை.
பல் குத்தும் குச்சியால் மண்ணை நெம்ப நெம்ப
ராஜா வரவில்லை,
யானையும் இல்லை, மீனும் இல்லை.
ஒன்றில் மட்டும் ஒரு காது;
ஆளுடையதா மாட்டுடையதா
சொல்லத் தெரியாத காது.

பதினோராவது காசின் விளிம்பில் வெட்டு.
ஏமாந்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.
லென்ஸை வைத்தால்
வெட்டுக்குள்ளும் அதே பச்சை
அடிவரை ஏறியிருந்தது.
உப்பு விற்றவளோ, கருவாடு விற்றவனோ,
வாங்கிய கையோடு
உள்ளே என்ன இருக்கிறதென்று
கத்தியை விட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

பதில் திருப்தியாக இருந்திருக்கும்.
இல்லாவிட்டால் தூக்கி எறிந்திருப்பார்கள்.
எறிந்ததால்தான் எனக்குக் கிடைத்ததோ?

ராத்திரி பதினொன்றரை.
தராசில் வைத்தேன், இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.
தங்கச்சி தேனம்மை கூப்பிட்டாள்:
'ஆச்சி, ஸ்கூட்டி என்னாச்சு?'
'ஊறுது' என்றேன்.