வைக்கோல் சுற்றி வந்த வழி

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சார்ல்ஸ்டவுன்.
என் பசுவுக்கான வைக்கோல் அங்கேதான் காய்கிறது.
முந்நூறு முறை துடுப்புப் போட்டால் பாஸ்டன் கரை.
ஜூன் முதல் தேதியிலிருந்து கூடாது.
வைக்கோலும் சரக்காம்,
சரக்கு நீரைத் தொடக் கூடாதாம்.

"அடியாத மாடு படியாது" என்றாராம்
லண்டன் சபையில் ஒரு பிரபு. மேசையைத் தட்டினார்களாம்.
செய்தித்தாளை மடித்தபடி சொன்னான்
பீப்பாய் செய்யும் ஈனக் ட்ராஸ்க்.
அவன் பட்டறையில் இரண்டு மாதமாய்
வளையம் தட்டும் ஓசை இல்லை.

அங்கே அதற்குத் திருத்தம் என்று பேர்.
இங்கே ஆளுக்கொரு வசை.
மெஹிடபெல் மட்டும் எதுவும் சொல்வதில்லை.
தேயிலையைக் கொட்டியது யார் என்றும் கேட்டதில்லை.
அன்றிரவு என் காலணியை
அடுப்பங்கரையில் உதறியவள் அவள்தான்.

எட்டு மைல் சுற்றி
வண்டியில் வந்து சேர்ந்தது வைக்கோல்.
நகர வாசலில் சிவப்புச் சட்டைப் பையன் ஒருவன்
துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் குத்திப் பார்த்தான்.
எதைத் தேடுகிறான் என்று
அவனுக்கும் தெரியவில்லை.
தும்மினான். போகச் சொன்னான்.

விலா எலும்பு தெரிய நின்றது பசு.
ஒரு கை அள்ளி வைத்தேன்.
முகர்ந்தது, தின்றது.
ஏழு வருஷமாய்க் கறக்கிறேன்.
ஒரு நாளும் இதை அடித்ததில்லை.