எட்டு மணிக்கு மேல்

நூலக வாசலில் விரல்ரேகைக் கருவி
குளிரில் என்னை யாரென்று தெரியாது என்கிறது.
ஊதி, தேய்த்து, பாவாடையில் துடைத்து
மூன்றாம் முறையில்தான்
நான் நான்.

உள்ளே, ஈரம் உறிஞ்சும் எந்திரம் ஒன்று
நாளுக்கு இரண்டு வாளி கோத்தகிரி மேகத்தைப்
புத்தகங்களிலிருந்து பிழிந்தெடுக்கிறது.
ஜெபசீலி அக்கா அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறாள்.
புள்ளியியல் அடுக்கை மட்டும் அவளாலும் காப்பாற்ற முடியவில்லை.
நான் ஆராய்வது தேயிலையின் பூஞ்சையை;
அது வேறு இனம்.

எட்டுக்குப் பூட்ட வேண்டும், விதி.
விடுதியில் ஒரு பல்புக்கு நாலு பேர்,
இணையம் ஜன்னல் கம்பியோரம் மட்டும்.
ஏழே முக்காலுக்கு
மனசுக்குள் கூப்பிடுவேன்:
வா.

சில இரவுகளில் வரும்.
படிக்கட்டின் கீழே
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்,
அதற்கு மேல்
மூச்சுவிடும் ஒரு கறுப்பு.
காவலர் மாசிலாமணி டார்ச்சை அணைத்துவிட்டு
"யாரும் எறங்காதீங்க, காட்டெரும நிக்குது" என்பார்.
அவ்வளவுதான்.
நாற்காலிகள் மறுபடி இழுபடும்.
யாரோ வர்க்கிப் பொட்டலம் பிரிப்பார்கள்,
சத்தம் வராமல் தின்ன முடியாத பண்டம்.

மூன்றாம் அத்தியாயம் முழுக்க
அப்படி எழுதியதுதான்.
பதினோரு இரவுகள்.

இன்று நன்றியுரைப் பக்கம்.
நெறியாளர், துறைத்தலைவர், உதவித்தொகைக் குழு,
வரிசை மாறக்கூடாதாம்.
கடைசியில் ஒரு வரிக்கு இடமிருக்கிறது.

வெளியே பார்க்கிறேன். பனி மட்டும்.
ஏழு ஐம்பத்தைந்து.
ஜெபசீலி அக்கா
சாவிக்கொத்தைத் தேடுவதுபோல்
மேசை டிராயரை
மெதுவாகத் திறக்கிறாள்.