நாற்பது பக்க நோட்டு

டேஷ்போர்டு இழுப்பறையில்
ஆர்சி புத்தகத்துக்கு அடியில் கிடக்கிறது நோட்டு.
காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வண்டி எனக்கு,
பிறகு ஏகாம்பரத்துக்கு.
வக்கீல் செய்து வைத்த ஏற்பாடு அல்ல.
கடன் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து,
இன்னும் பதினேழு தவணை, அவ்வளவுதான்.
சாவி வில்சன் கார்டன் டீக்கடையில்
பன் ஜாடிக்குப் பின்னால்.

பகலில் தண்ணீர் கேன், முப்பத்தைந்து.
இரவில் மார்க்கெட்டுக்குப் பூ.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
ஒன்பது மாதம்.

அவர் என்று எழுத எனக்குக் கை வராது,
அவன் என்றும் வராது.
அந்தப் பக்கமும் அப்படித்தான் போல.
எழுவாயே இல்லாமல் எழுதிக்கொள்கிறோம்:

*சாவி திருப்பினால் டிக் என்கிறது, எடுக்கவில்லை. பார்க்கவும்.*

பார்த்தேன்.
பேட்டரி முனையில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது.
டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி ஊற்றி
பழைய பல் துலக்கியால் தேய்த்தேன்.
அப்புறமும் டிக்.
எர்த் ஒயரின் போல்ட், விரலால் திருகினாலே சுற்றியது.
புதுப் பேட்டரி போடச் சொல்லி
ஜே.சி. ரோட்டில் ஒருத்தன் விலையே பேசிவிட்டான்.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர், அரைச் சுற்று.
*சரி செய்யப்பட்டது* என்று எழுதினேன்.

*பிரேக் அடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. கவனிக்கவும்.*
*டீசல் ஃபில்டரில் தண்ணீர். வடிக்கவும்.*
*கூடுதல் பாரம் ஏற்ற வேண்டாம். பட்டையில் விரிசல்.*
கடைசி வரி என்னுடையது.
மூன்று முறை அடிக்கோடு போட்டேன்.
பூவுக்கு என்ன பாரம் என்று
பதில் வந்தது. அதிலும் எழுவாய் இல்லை.
நனைந்த செண்டுமல்லி மூட்டையைத்
தூக்கிப் பார்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது
‘தண்ணி எடு’தான், ‘சோறு போடு’தான்.
இந்த ‘கவனிக்கவும்’ எல்லாம்
நோட்டு வந்த பிறகு வந்த மரியாதை.

குட்டியானை என்கிறார்கள் இதை.
மதம் பிடிப்பது மடிவாளா சிக்னலில்.
முள் சிவப்பைத் தொட்டது, பின்னால் அத்தனை ஹாரன்.
ஓரம் கட்டி பானெட்டைத் திறந்துவிட்டு
ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல்
நாற்பது நிமிடம் நின்றேன்.
சூட்டில் திறக்கக்கூடாது, முகத்தில் அடிக்கும்.
அது எனக்குத் தெரியும். வண்டி விஷயத்திலாவது.
ஃபேனுக்குப் போகிற ஃப்யூஸ் கருகியிருந்தது,
பத்து ரூபாய்.
இரண்டாக வாங்கி ஒன்றை நோட்டில் ஒட்டி வைத்தேன்,
*தேவைப்பட்டால் எடுக்கவும்.*

தினமும் ஏறியதும் முதல் வேலை
சீட்டை மூன்று பல் முன்னால் இழுப்பது.
நீளக் கால் அந்த ஆளுக்கு.
நேற்று ஏறினேன், கால் நேராகக் கிளட்சில் பட்டது.
சீட் என் அளவிலேயே இருந்தது.
கொஞ்ச நேரம் சாவி போடாமல் உட்கார்ந்திருந்தேன்.
கேபினில் மல்லி வாசனை, பழைய டீசல் வாசனை.
பிறகு நோட்டை எடுத்தேன்:

*சீட் பின்னால் போகவில்லை. மாட்டிக்கொண்டது.
ராத்திரி முழுக்க முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.
கொஞ்சம் கிரீஸ் வையேன்.*

வையேன்.
எழுத்துப் பிழையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

டார்ச் அடித்தால் சீட் தண்டவாளத்தில்
வாழைநார், ஒரு சாமந்திக் காம்பு, துரு.
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன்.
கிரீஸை விரலாலேயே தடவினேன்.
சாயங்காலம் டீக்கடை வாசலில் நிறுத்தி
மூன்று பல் பின்னால் தள்ளிப் பார்த்தேன்,
வழுக்கிக்கொண்டு போனது.
திரும்ப முன்னால் இழுக்கவில்லை.

நகத்தில் கிரீஸ் போகவில்லை.
பேனாவில் ஒட்டி, பக்கத்திலும் ஒட்டியது.
என்ன எழுதுவது என்று
பன் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
மணி ஐந்து ஐம்பத்து மூன்று.

*வைத்தாச்சு.
பின்சக்கரம், வலது, உள்பக்கம் தேய்ந்திருக்கிறது.*