வெறும் லாரியின் எடை

பீடோங் செம்பனை ஆலையில்
எடைப்பாலத்துக் கிராணி நான்.
குலையோடு வரும் லாரியை ஒரு தடவை,
கொட்டிவிட்டுப் போகும் வெறும் லாரியை ஒரு தடவை.
கழித்தால் மிச்சம் பழம்.
இரண்டு தடவையும் டிரைவர் இறங்கி நிற்கவேண்டும்.
அவ்வளவுதான் என் கணக்கு.

எடைச்சீட்டின் பின்பக்கம்
நான்கு மாதமாக வேறொரு கணக்கு:
மைக், இண்டர்ஃபேஸ், ஹெட்போன், கேபிள்.
அடித்து, எழுதி, மறுபடி அடித்து
போனஸ் வந்த நாளில் சீட்டே கிழிந்திருந்தது.

சுங்கைப் பட்டாணிக் கடையில் லிம்
கண்டென்சர் மைக்கைத் தூக்கிக் காட்டினார்:
"இது எடுங்க லா, ஈ பறந்தாலும் கேக்கும்."
எங்கள் தாமானில் ஈ மட்டுமா பறக்கிறது?
நாலு மணி மழைக்குத் தகரக் கூரை,
ரோஸ்னா அக்காவின் சம்பல் அரைக்கும் மெஷின்,
சைலன்சர் கழற்றிய மோட்டார்கள்,
எல்லாவற்றுக்கும் அடியில்
படுத்தபடி உறுமும் ஆலையின் பாய்லர்.
டைனமிக் போதும் என்றேன்.
வாயருகே வைத்தால் வாயை மட்டும் கேட்கும்.
பக்கத்தில் இருப்பதை மட்டும் கேட்கிற பொருளுக்கு
விலையும் குறைவு.

தயாநிதி ஒரு வாரமாகக் கேட்டது இதைத்தான்:
"பாடப்போறது நீ ஒருத்தி. ரெண்டு ஓட்டை எதுக்கு?"
ஒற்றை ஓட்டை முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
இரட்டை, நானூற்று எண்பத்தொன்பது.
என்னிடம் பதில் இல்லை.
கல்லாவுக்கு வந்ததும்
அவரே பெரிய பெட்டியை நகர்த்தி வைத்தார்.
ஸ்கூல் வேன் டயருக்கு ஒதுக்கிய நோட்டுகள்.
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார்.
இரண்டாம் ஓட்டையில் இப்போது
தூசு போகாமல் டேப் ஒட்டியிருக்கிறது.

சித்தப்பா மகன் வினோஷன்
பென்டிரைவில் கொண்டுவந்தது பூட்டுடைத்த சரக்கு.
திறந்ததும் லேப்டாப் இருமியது. வேண்டாம்.
இன்னொரு மென்பொருள் முப்பது நாள் சிரிக்கும்,
முப்பத்தோராம் நாள்
மோட்டார் தவணைபோல் வாசலில் நிற்கும்.
கடைசியில் இலவசமாய், அழகில்லாமல் ஒன்று.
சாம்பல் நிறம், நிறைய கட்டங்கள்,
அசப்பில் என் ஆபீஸ் திரை. கை உடனே பழகிவிட்டது.

முதல் நாள், காதுக்குள்
எனக்கு ஒரு கணம் பின்னால் வந்து பாடினாள் இன்னொருத்தி.
பஃபரைக் குறைத்தேன், கரகரத்தாள்.
கூட்டினேன், பின்தங்கினாள்.
இருநூற்று ஐம்பத்தாறில்
இருவரும் ஒருவழியாக ஒருத்தி ஆனோம்.

முட்டை அட்டை எதிரொலியைத் தடுக்காது
(ஒட்டிய பிறகுதான் தெரிந்தது).
அலமாரிக் கதவைத் திறந்து
சட்டை, புடவை, கம்பளிகளுக்குள் முகத்தை வைத்துப் பாடினேன்.
நாஃப்தலின் உருண்டை வாசத்தில் ஒரு பல்லவி, என் சொந்தச் சொற்கள்.
கேட்டுப் பார்த்தால்
டைனமிக் மைக்குக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு
உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது பாய்லர்.

இரைச்சலை நீக்க, முதலில்
வெறும் அறையைப் பதியச் சொன்னது மென்பொருள்.
முப்பது விநாடி. யாரும் பேசக்கூடாது.
எனக்குச் சிரிப்பு வந்தது,
இது நம்ம வேலையாயிற்றே.
ஃபேனை நிறுத்தினேன்.
தயாநிதி வாசற்படியில், ஒரு கால் உள்ளே,
ஒரு கால் வெளியே, அப்படியே நின்றார்.

கழித்தேன்.
பாய்லர் போயிற்று.
கூடவே என் மழையில் இருந்த ழகரமும் போயிற்று.
'மழை' என்று பாடிய இடத்தில்
யாரோ பல் கட்டிக்கொண்டு 'மயை' என்றார்கள்.
குலையோடு சேர்த்துப்
பழத்தையும் கழித்துவிட்டதா கருவி?

நள்ளிரவில் ஹெட்போனை மாட்டி
அந்த வெறும் முப்பது விநாடியை
ஒலி கூட்டிக் கேட்டேன்.
உறுமல். பல்லி. உறுமல்.
இருபத்தேழாவது விநாடியில்
அதுவரை அடக்கியிருந்த மூச்சை
மெல்ல, மிக மெல்ல விடுகிறார் ஒருவர்.

டிரைவர் இறங்காமலே
எடை போட்டிருக்கிறேன்.