ஏழாம் வசனம்

பொம்மனஹள்ளி. மூன்றாவது மாடி, தகரக் கூரை.
பாஸ்டர் கிளாட்வின் அந்த விதவையின் எண்ணெயை
ஊற்றிக்கொண்டே இருந்தார்.
பாத்திரம் நிறைய நிறைய
காணிக்கைப் பை வரிசை வரிசையாய் நகர்ந்தது.
சௌந்தரி அக்கா கம்மலைக் கழற்றினாள்.
இடது காது கழல மாட்டேன் என்றது.
யாரோ சோப்புக்கு ஓடினார்கள்.

எனக்கு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை,
ஷிஃப்டுக்கு எண்ணூறு சட்டை.
முன்பக்கம் எல்லாச் சட்டையும் அழகுதான்.
உள்ளே திருப்பினால்தான் தையல் வாய் திறக்கும்.
கைப்பழக்கம்,
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அவர் ஆறில் நிறுத்தியிருந்தார்.
ஏழில், எண்ணெயை விற்றுக்
கடனை அடைக்கச் சொல்கிறார் தீர்க்கதரிசி.
மிச்சம் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு.
தனக்கென்று ஒரு கரண்டி கேட்கவில்லை.

அக்காவுக்கும் கடன் உண்டு,
செவ்வாய்தோறும் வாசலில் பைக் சத்தம்.

எழுந்து நின்று கேட்டிருக்கலாம்.
அவ்வளவு தைரியம் எனக்கில்லை.
வேதத்தை அவள் மடியில் வைத்தேன்,
ஏழின்மேல் என் விரல்.
எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
இரண்டாம் முறையும்.

சோப்புத் தண்ணீர் வந்துசேர்ந்தது.
"வேண்டாம், காது வலிக்குது" என்றாள்,
வலது கம்மலைத்
திரும்ப மாட்டிக்கொண்டே.