ஆண்டர்ஸுக்குப் பின்

காலையில் முறைப்பாடுகள்.
நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல
கரின் எழுதுவா.
சைக்கிள். மூன்றாம் குறுக்கு. நீலச் சாரம்.
அதற்குப் பின் காணவில்லை.
நாளுக்கு நாலு, சில நாள் ஏழு.
கொஞ்சக் காலத்தில்
'அதற்குப் பின்' என்பதை மட்டும்
நான் வாய் திறக்க முதலே எழுதப் பழகிவிட்டா.

பின்னேரம் ஜெனரேட்டர் நின்றதும்
கந்தோரின் பின்படியில் வயலின்.
கன்னத்தில் அண்டாமல், நெஞ்சில் சாய்த்து,
உடுப்புக் கும்முகிறவவின் முழங்கையோடு வாசிப்பா.
மூன்று தட்டு. எண்ணிப் பார்த்தால்
இரண்டாவதில் விரல் இடறும்.

யார் செய்த மெட்டு என்று கேட்டேன்.
ஆண்டர்ஸுக்குப் பின், என்றா.
நான் அனுதாபம் சொன்னேன்.
வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா.

செத்து நூற்றைம்பது வருஷமாம்.
சுவீடனில் மெட்டுக்குப் பெயரே அப்படித்தானாம்:
யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயர், கூட ஒரு 'பின்'.
ஆண்டர்ஸ் லாடம் அடிக்கிற கொல்லன்.
வயலின் பிசாசின் சாமான், எரியுங்கள் என்று
பாதிரியார் சொன்ன குளிர்காலத்தில்
தன்னுடையதைப் பழைய துருத்தியின் வயிற்றுக்குள்
வைத்துத் தைத்துவிட்டு,
அடுத்த வீட்டுக்காரிக்கு மெட்டை
விசிலில் கொடுத்தாராம்.

கேற்றுக்குப் பிணைச்சல் ஒட்ட வந்த லாம்பர்ட் ரகெல்
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.
"கொல்லனா? பொய், மனே.
இவ்வளவு ஆறுதலா அடிச்சா
இரும்பு ஆறிப்போகும்."
கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வயலினை வாங்கி
தாண்டவன்வெளிக் கலியாண வேகத்தில் விட்டார்.
கரின் காதைப் பொத்தினா.
இரண்டாவது தட்டு நீளம், அது துருத்தி இழுக்கிற மூச்சு,
அதைத் தின்னாதே என்றா.
மூச்சு விட்டா ஆடுறவன் விழுந்திடுவான் என்றார் இவர்.
ஒரு மணித்தியாலம் சண்டை.
நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னேன்.
அன்றைக்கு அந்த ஒரு மணித்தியாலத்தில்
படிவத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு மேலிடத்து உத்தரவு, வெள்ளை வாகனங்கள்,
எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம்.

லாம்பர்ட்டின் மனைவி வந்த அன்று
கந்தோர் பூட்டி ஏழு கிழமை.
அவர் ஒட்டிய கேற்றில்தான் தட்டினா.
பழக்கத்தில் என் வீட்டையும் தேடி வந்து சொன்னா:
வெல்டிங் பெட்டி. அரசடிச் சந்தி. காக்கிக் காற்சட்டை.
அதற்குப் பின்.
மாற்றிச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.
தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்காமல் போனா.

போன மாதம் தாண்டவன்வெளியில் ஒரு கலியாணம்.
வயலினில் பார்த்தலோட் வீட்டுப் பெண்பிள்ளை,
பதினாறு வயது இருக்கும், சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு
லாம்பர்ட்டின் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தவள்
ஒரு இடத்தில், எதற்கென்று தெரியாது,
இரண்டாவது தட்டை இழுத்தாள்.
ஆடியவர்களில் பாதிப் பேர் தடுமாறினார்கள்.
யாரோ விழுந்து, எழும்பிச் சிரித்தார்.

பக்கத்துக் கதிரையில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
இது யாருடைய மெட்டு என்று கேட்டார்.
லாம்பர்ட்டுக்குப் பின், என்றேன்.
அவர் அனுதாபம் சொன்னார்.
நான் திருத்தவில்லை.